ரேக்கில் ஏற்றுவது கடைசி வேலை

கேள்வி சுருக்கமாக இதுதான். பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபு பந்தாய் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சரக்கு அனுப்பும் கம்பெனி. அங்கே தனி ஆளாகக் கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வேறு யாரோ பயன்படுத்திய டெல் ஆர்740 சர்வர் ஒன்றையும் 42 யு ரேக் ஒன்றையும் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி; யு அதன் உயர அளவு) முதலாளி வாங்கிப் போட்டுவிட்டார். கூடவே இரண்டாவது சிபியு, நான்கு 16 ஜிபி ரேம், நான்கு 4 டிபி டிஸ்க், ஒரு 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு. "சர்வரை ரேக்கில் ஏற்றிவிட்டேன் அண்ணா. இனி எதை முதலில் மாட்டுவது? ரெய்ட் 5 போதுமா?" (ரெய்ட் என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் உள்ளே இருப்பது போகாமல் காக்கும் முறை.)

தம்பி, முதலில் சர்வரை ரேக்கிலிருந்து இறக்குங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்லாப் பாகங்களையும் மேசையில் வைத்து மாட்டி, மேசையிலேயே இரண்டு நாள் ஓடவிட்டு, அப்புறம்தான் ரேக்கில் ஏற்ற வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில், ரேக்கிலிருந்து பாதி இழுத்த சர்வரின் மூடியைத் திறந்து, ஸ்டூலில் ஏறி நின்று, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கார்டு மாட்டினேன். ஒரு சின்ன ஸ்குரு கைநழுவியது. தேடினேன், கிடைக்கவில்லை, வெளியே எங்காவது விழுந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மூடிவிட்டேன். அது மதர்போர்டுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. பவர் கொடுத்ததும் தெரிந்தது. அந்த மாதச் சம்பளத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

மேசையில் வைத்தாயிற்றா? சரி. இரண்டு பவர் கேபிளையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்; உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மணிக்கட்டில் இஎஸ்டி பட்டையை, அதாவது உடம்பின் ஸ்டாட்டிக் மின்சாரத்தை வடிக்கும் பட்டையைக் கட்டி, கிளிப்பைச் சர்வரின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பினாங்கில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் அக்காவோ அத்தையோ நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, அவர்களிடம் கேளுங்கள். "இங்கே காற்றில் ஈரம் அதிகம், ஸ்டாட்டிக் வராது" என்று சிலர் சொல்வார்கள். வெளியே அப்படித்தான். நாள் முழுக்க ஏர்கோன் ஓடி உலர்ந்துபோன, கம்பளம் விரித்த அறையில் அந்தக் கணக்கு செல்லாது.

ஈரம் வேறு வகையில் விளையாடும். குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்த சர்வரை வெயில் நேரத்தில் வெளிக்காற்றில் பிரித்தால், ஐஸ் டீ கிளாஸ் போல உள்ளே வேர்க்கும். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அப்படியே விட்டு, இரும்பு அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

முதலில் சிபியு. காரணம் இருக்கிறது. இரண்டாவது சிபியு இல்லாதவரை அதன் பக்கத்து ரேம் ஸ்லாட்கள் வேலை செய்யாது. கார்டு ஸ்லாட்களிலும் சில அதை நம்பியே இருக்கின்றன. இரண்டு சிபியுவும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், ஒரே தலைமுறை என்பது போதாது. இந்த வகையில் சாக்கெட்டில் 3647 ஊசிகள் இருக்கும். ஊசி சிபியுவில் இல்லை, போர்டில் இருக்கிறது. ஒன்று வளைந்தாலும் போர்டுக்கே செலவு. அதனால் சிபியுவை நேரடியாகச் சாக்கெட்டில் வைப்பதில்லை. அதன் பிளாஸ்டிக் சட்டத்தோடு, சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் அடியில் மாட்டி, முக்கோணக் குறியை ஒத்துப் பார்த்து, இரண்டையும் சேர்த்து வழிகாட்டித் தண்டுகளில் நேராக இறக்க வேண்டும். டோர்க்ஸ் டி30 திருப்புளி வேண்டும். ஹீட்சிங்க் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் இறுக்குங்கள், கழற்றும்போது தலைகீழாக. பழைய ஹீட்சிங்க் என்றால் காய்ந்துபோன பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியது போடுங்கள்.

சிபியுவின் உலோக மூடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் 'மலாய்' என்று நாட்டின் பெயரைச் சுருக்கிப் போட்டிருப்பார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் போட்டது, 1972-இல். உலகம் சுற்றிவிட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பி வந்த சிபியுவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சிபியுவைப் போட்டவர்கள் மறக்கும் விஷயம் ஃபேன். சில சர்வர்களில் ஒரே சிபியுவோடு விற்கும்போது ஃபேன்களும் குறைவாக இருக்கும்; அந்த இடத்தில் வெற்று மூடி மட்டும் போட்டிருப்பார்கள். உங்களுடையதில் ஃபேன் வரிசை முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். காற்றைத் திருப்பும் கருப்பு பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிய இடத்திலேயே திரும்பப் போடுங்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

ரேமில் இரண்டு விஷயம்தான். சர்வருக்கு வேண்டியது ரெஜிஸ்டர்டு இசிசி வகை, சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம். கொம்தார் பக்கத்துக் கடைகளிலோ கோலாலம்பூர் லோ யாட்டிலோ கிடைக்கும் சாதாரண டெஸ்க்டாப் ரேம் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இதில் ஓடாது. அடுத்தது, சர்வரோடு வந்த நான்கையும் கூடுதலாக வாங்கிய நான்கையும் ஒரு சிபியுவுக்கு நான்கு என்று சமமாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் அடுக்கினால் மற்ற சிபியு ஒவ்வொன்றுக்கும் அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். எந்த ஸ்லாட்டில் முதலில் போடுவது என்பது மூடியின் உட்புறத்தில் ஒட்டிய படத்தில் இருக்கிறது. இந்த மாடலில் வெள்ளை நாக்கு உள்ளவை முதலில் நிரப்ப வேண்டியவை. வேகம் வேறுபட்டால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும் வரை அழுத்துங்கள். ரேம் வேலை செய்யவில்லை என்று வருகிற கேஸ்களில் பாதி, சரியாக உட்காராத ரேம்தான்.

நெட்வொர்க் கார்டு சுலபம். தயாரிப்பாளர் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் சர்வருக்கு அதன் சூடு தெரியாது. பாதுகாப்புக்காக ஃபேன்களை உச்ச வேகத்தில் ஓட்டும். விமானம் கிளம்புவது போல் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், காரணம் இதுவாக இருக்கலாம்.

இப்போது பவர் கொடுங்கள். திரை கருப்பாகவே இருக்கும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். புது ரேமைக் கண்டதும் சர்வர் ஒவ்வொன்றையும் அளந்து பழகிக்கொள்கிறது. இந்த நேரத்தில் பதறிப் போய் பவரை அணைத்துவிட்டு, ரேமைக் கழற்றி மாற்றி மாற்றிப் போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். கீழே போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வாருங்கள்.

திரை வந்ததும் டிஸ்க்குக்கு ஓடாமல் ஐடிராக்கைப் பாருங்கள். சர்வருக்குள்ளேயே தனியாக ஓடும் சின்னக் கணினி அது. பின்பக்கம் அதற்கென்று தனி நெட்வொர்க் போர்ட் உண்டு. பயன்படுத்திய சர்வரில் முன்பு வைத்திருந்தவர்கள் போட்ட பாஸ்வேர்டு, ஐபி, மின்னஞ்சல் முகவரி எல்லாம் அப்படியே இருக்கும். முழுதாக ரீசெட் செய்யுங்கள். ரீசெட் ஆனதும் ஐபி வழக்கமாக 192.168.0.120 ஆக இருக்கும். பாஸ்வேர்டு ஒன்று முன்பக்கம் இழுக்கும் தகட்டில் அச்சிட்டது, இல்லையென்றால் உலகமே அறிந்த பழைய டீஃபால்ட். எதுவானாலும் உடனே மாற்றுங்கள். இந்தப் போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக இன்டர்நெட்டில் திறந்துவிடாதீர்கள். பிறகு ஃபர்ம்வேர், அதாவது பாகங்களுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளைப் புதுப்பியுங்கள்: முதலில் ஐடிராக், அடுத்து சர்வரை எழுப்பும் பயாஸ், அதற்கப்புறம் மற்றவை.

பயாஸில் நான் மாற்றுவது கொஞ்சம்தான். பூட் முறை, அதாவது சர்வர் எழுந்திருக்கும் முறை, புதிய யூஇஎஃப்ஐ. பழைய முறையில் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய முடியாது. விர்ச்சுவலைசேஷன், அதாவது ஒரே சர்வரில் பல கணினிகள் போல ஓட்டும் வசதி, திறந்திருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் 'முன்பு இருந்த நிலை' என்பதைத் தேர்ந்து, கொஞ்சம் தாமதமும் கொடுங்கள். இடி மழையில் மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். வந்த அடுத்த நொடியே சர்வர் எழுந்திருப்பது நல்லதில்லை.

இனி ரெய்ட். நான்கு 4 டிபி டிஸ்க்கில் ரெய்ட் 5 போட்டால் 12 டிபி கிடைக்கும், டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் ரெய்ட் 10 போட்டால் 8 டிபி. அந்த 4 டிபி வித்தியாசம்தான் எல்லோரையும் மயக்குகிறது. ரெய்ட் 5-இல் ஒரு டிஸ்க் போனால், புதிதைப் போட்டதும் மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் கணக்கைச் சரி செய்யும். இந்த அளவு டிஸ்க்கில், அதுவும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அது பல மணி நேர வேலை. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வயதில் சோர்ந்து போவதும் உண்டு. சரிசெய்யும் நேரத்தில் இரண்டாவது ஒன்று விழுந்தால் எல்லாம் போயிற்று. ரெய்ட் 10-இல் போன டிஸ்க்கின் ஜோடியை மட்டும் நகல் எடுத்தால் போதும், எழுதும் வேகமும் கூடுதல். ரெய்ட் 6-உம் உங்களுக்கு 8 டிபிதான் தரும். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், ஆனால் சின்னச் சின்னதாக எழுதும் வேலையில் மெதுவாகிவிடும். உங்கள் கம்பெனியில் ஓடுவது கணக்கும் சரக்குப் பதிவும், அதாவது டேட்டாபேஸ். நான் என்றால் ரெய்ட் 10. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தனியாக இரண்டு சின்ன எஸ்எஸ்டி வாங்கி, இரண்டிலும் ஒரே நகல் இருக்கும்படி ரெய்ட் 1 போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். சில நூறு வெள்ளிக்கு மேல் ஆகாது.

முக்கியமான இடம் ஒன்று. டிஸ்க்குகளை மாட்டியதும், ரெய்டைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் 'வெளி அமைப்பு இருக்கிறது' என்று சொல்லி, ஏற்றுக்கொள்வதா அழிப்பதா என்று கேட்கலாம். வேறு சர்வரில் இருந்த பழைய டிஸ்க், உள்ளே உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்றால் அழிக்கலாம். ஆனால் நாளைக்கு இந்த சர்வரே பழுதாகி, இதே டிஸ்க்குகளை வேறு சர்வருக்கு மாற்றும்போதும் இதே கேள்விதான் வரும். அப்போது 'அழி' என்று கை போய்விட்டால் கம்பெனியின் கணக்கு போய்விடும். அந்தத் திரை வந்தால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு முறை படியுங்கள். ரெய்ட் பேக்அப் ஆகாது என்பதையும் முதலாளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். யாராவது ஃபைலைத் தவறுதலாக அழித்தால் ரெய்ட் அதை எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். பேக்அப் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு ராத்திரி ரேம் சோதனை, அடுத்த நாள் சிபியுவையும் டிஸ்க்கையும் முழு வேகத்தில் ஓடவிடுவது. காலையில் பசியாறிவிட்டு வந்து ஐடிராக் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு ரேம் பிழை இருந்தாலும் அந்த ரேமைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க இதுதான் நேரம்.

இப்போதுதான் ரேக். அதற்கு முன் அளவுநாடாவை எடுத்து ரேக்கின் ஆழத்தைப் பாருங்கள். அகலம் எல்லாவற்றிலும் 19 அங்குலம்தான், ஏமாற்றுவது ஆழம். உங்கள் சர்வர் 75 சென்டிமீட்டர் அளவுக்கு நீளம். பின்னால் கேபிளுக்கும் காற்றுக்கும் இடம் வேண்டும். ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும். சுவிட்ச் வைக்கச் செய்த 60 அல்லது 80 சென்டிமீட்டர் ரேக்கை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தவர்கள் நிறைய. ஒரு இடத்தில் பின்கதவு மூடவில்லை என்று மாதக்கணக்கில் திறந்தே வைத்திருந்தார்கள். ஒருநாள் பவர் சப்ளை ஒன்று படாரென்று போனது. கழற்றினால் உள்ளே பல்லி.

அடுத்தது தரை. பழைய கடைவீட்டு மாடி என்றால் பலகைத் தரைதான். 42 யு ரேக் வெறுமையாகவே 100 கிலோவைத் தாண்டலாம், யூபிஎஸ் பேட்டரி வேறு. அறையின் நடுவில் வைக்காதீர்கள். சுவரோரமாக, கீழே ஓடும் உத்திரங்களுக்குக் குறுக்காக, எடை பல உத்திரங்களில் பரவும்படி வையுங்கள், வீட்டுக்காரரையும் கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு சர்வருக்கு 42 யு எதற்கு? பாதி உயர ரேக் போதும். கீழ்த்தளத்துக்கு மாற்றினால் எடைக் கவலை இல்லை, ஆனால் 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. கீழே என்றால் மேடை கட்டி, ரேக்கின் அடி ஐந்தாறு யுவைக் காலியாக விட வேண்டும். எனக்குக் கேட்டால் மாடியே, சின்ன ரேக்கோடு.

ரெயில் மாட்டும்போது துளைகளை எண்ணுங்கள். ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர், அதில் மூன்று துளை. துளைகளுக்கு இடையே தூரம் சமமில்லை: 15.9, 15.9, அப்புறம் 12.7. அந்த நெருக்கமான 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒரு துளை தவறினால் முன்பக்கம் ஓர் உயரம், பின்பக்கம் ஓர் உயரம் ஆகி, சர்வர் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். தூக்க இரண்டு பேர் வேண்டும். நிறைந்த சர்வர் 25 கிலோவுக்கு மேல் வரும். டிஸ்க்கையும் பவர் சப்ளையையும் கழற்றிவிட்டுத் தூக்கினால் சுலபம், ஆனால் எந்த டிஸ்க் எந்தக் குழியில் இருந்தது என்று எண் எழுதி ஒட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். இழுத்து வைத்த ரெயில் முன்னோக்கிப் பாரம் கொடுக்கும். ரேக்கின் முன்கால்களைப் போட்டிருக்கிறீர்களா, தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இழுங்கள். யூபிஎஸ் எப்போதும் அடியில்.

மின்சாரத்துக்கு வருவோம், நம் ஊரில் சர்வர்களைக் கொல்வது பெரும்பாலும் இதுவும் சூடும்தான். இரண்டு பவர் சப்ளை கொடுத்திருப்பது இரண்டு வழியில் மின்சாரம் வரட்டும் என்பதற்காக. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் அந்த 13 ஆம்பியர் பிளக்கின் ஃபியூஸ் போனதும் இரண்டும் சேர்ந்து போகும். இரண்டு யூபிஎஸ் வாங்கக் காசு இல்லையா? ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றதைச் சர்ஜ் தடுப்பு வழியாக வேறு சர்க்யூட்டிலும் செருகுங்கள். பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நான் பார்த்தவரை திடீரென்று செத்துப் போவதில் யூபிஎஸ்ஸுக்கே முதலிடம். அதன் ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இடி இடித்தால் இஎல்சிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை) விழுகிறது என்றும் சொல்வீர்கள், எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு பவர் சப்ளையும் பழுதில்லாத நிலையிலேயே சில மில்லிஆம்பியர் வரை எர்த்துக்குக் கசியவிடும், அதன் ஃபில்டர் அப்படித்தான் வேலை செய்கிறது. சர்வர், யூபிஎஸ், சுவிட்ச், அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் ஒரே 30 மில்லிஆம்பியர் இஎல்சிபிக்குப் பின்னால் இருந்தால் கசிவே பாதி அளவை எட்டிவிடும். 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் அது விழ அனுமதி உண்டு. மீதியை மின்னல் பார்த்துக்கொள்ளும். தீர்வு இஎல்சிபியைக் கழற்றுவதில்லை, அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பதிவு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு சர்வருக்குத் தனி சர்க்யூட், தனி இஎல்சிபி போடச் சொல்லுங்கள்; எர்த்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சூடு. சர்வர், சுவிட்ச், யூபிஎஸ் சேர்ந்து 500 வாட் இழுக்கிறது என்று வைத்தால், மணிக்கு 1,700 பிடியு சூடு (பிடியு என்பது சூட்டின் அளவு). ஒரு எச்பி ஏர்கோன் ஏறத்தாழ 9,000 பிடியு. அளவு தாராளம். ஆனால் சாயங்காலம் கடைசியாகக் கிளம்புபவர் விளக்கோடு ஏர்கோனையும் அணைத்துவிட்டுப் போவார். கோலாலம்பூர் உயரக் கட்டடங்களில் இன்னும் மோசம், மாலை ஆனால் மையக் குளிர்சாதனத்தைக் கட்டடமே நிறுத்திவிடும். சர்வருக்குள் போகும் காற்று 18-லிருந்து 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது, 35 வரை தாங்கும். சின்ன அறைக்கு ஒரு எச்பி ஏர்கோன் இரண்டு, 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று டைமரில் மாறி மாறி ஓடட்டும். இரண்டையும் ரேக்குக்கு நேர் மேலே மாட்ட விடாதீர்கள். தண்ணீர் குழாய் அடைத்துக்கொண்டால் சொட்டுவது நேராக சர்வர் மேல்தான். அதுவும் தீபாவளி விடுமுறையில்தான் அடைக்கும். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களை வெற்றுப் பலகையால் மூடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் தள்ளிய சூடான காற்று முன்பக்கம் சுற்றி வரும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் உங்களுக்குத் தெரிந்ததையே போடுங்கள், நான் அதில் சண்டைக்கு வரவில்லை. சர்வரின் ஐபி ரவுட்டர் தானாகக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே இருக்கட்டும். கேபிள்களை வெல்க்ரோவால் கட்டி, இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். சாதாரண ஸ்டிக்கர் இந்த ஈரத்தில் ஒரு வருடத்தில் உரிந்துவிடும். கேபிளைச் சுற்றி வந்து தன் மேலேயே ஒட்டும் வகை வாங்குங்கள்.

எல்லாம் முடிந்து, கம்பெனி கணக்கை ஏற்றுவதற்கு முன், ஒரு சனிக்கிழமை போங்கள். சர்வர் ஓடும்போதே ஒரு பவர் கேபிளைப் பிடுங்குங்கள். திரும்பச் செருகிவிட்டு மற்றதைப் பிடுங்குங்கள். பிறகு ஒரு டிஸ்க்கை வெளியே இழுத்து, ஒரு நிமிடம் கழித்து உள்ளே தள்ளி, அது தானாகச் சரியாகும் வரை பாருங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததா? வரவில்லை என்றால் ஐடிராக்கில் மின்னஞ்சல் பகுதியை முடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். வந்திருந்தால், திங்கட்கிழமை முதலாளியிடம் ஐந்தாவதாக ஒரு 4 டிபி டிஸ்க் கேளுங்கள். அது பெட்டியோடு மேசை டிராயரில் இருக்கட்டும்.